உண்டியும் மருந்தும்: ஆனைக்காவும் அரங்கமும் உணர்த்தும் வரலாறு

உடம்பு உயிர்க்கு இறைவன் அளித்த கருவி என்பது சித்தாந்த சைவத்தின் துணிபு. ஆணவ இருளில் அழுந்திக் கிடந்த உயிர் தன்னையும் தன் தலைவனையும் அறிதற்பொருட்டுத் தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்றும் தோற்றுவித்துக் கொடுக்கப்பட்டன. இவற்றுள் தநுவாகிய உடம்பை நிலைநிறுத்துவது போகத்தின் ஒரு கூறாகிய உணவே. ஆதலின், உணவைப் பற்றிய ஆராய்ச்சி சமய ஆராய்ச்சிக்குப் புறம்பானது அன்று. உடம்பைப் பேணுதல் உயிரைப் பேணுதலேயாம் என்னும் கருத்தைத் திருமூல நாயனார் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் நிறுவியருளியதும் இதுபற்றியேயாம்.

இக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிட்டதா, அன்றிக் கோயிலொழுக்கத்திலும் இல்லத்து அடுக்களையிலும் இறங்கி வாழ்ந்ததா என்பது வரலாற்றைக்கொண்டு தெளியத்தக்க வினா. அதற்கு விடை கூறும் இடங்கள் தமிழகத்தில் பல உளவேனும், காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவும் அதன் தென்கரையும் கூறும் விடை மிகத் தெளிவானது. தீவின் கிழக்கே திருவானைக்கா, மேற்கே திருவரங்கம், ஆற்றின் தென்கரையில் சிராப்பள்ளிக் குன்று. ஆனைக்கா ஐம்பூதத் தலங்களுள் அப்புத் தலம். ஞானசம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடியருளியது. கோச்செங்கட்சோழ நாயனாருடைய முற்பிறப்பு வரலாற்றுக்கு நிலைக்களமாயது. அரங்கம் வைணவப் பெருமக்களாற் 'கோயில்' என்ற அளவிலேயே குறிக்கப்பெறும் பெருமையுடையது. குன்றின்மேல் எழுந்தருளியிருப்பவர் தாயுமானவர். இம்மூன்று இடங்களிலும் மருந்தும் உணவும் ஒன்றையொன்று தழுவி நின்ற முறை நோக்கத்தக்கது.

ஆனைக்காவின் தலமரம் வெண்ணாவல். நாவலை வடநூலார் 'சம்பு' என்பர். அதனாலேயே இத்தலத்துக்குச் சம்புகேசுவரம் என்ற பெயரும் உண்டாயிற்று. முனிவர் ஒருவர் தமக்குக் கிடைத்த நாவற்கனியைச் சிவபெருமானுக்கு அளித்தார் என்றும், பெருமான் அதனை உண்டு உமிழ்ந்த விதையை அவர் பிரசாதமாக விழுங்கினார் என்றும், அவ்விதை முளைத்து அவர் தலையைப் பிளந்துகொண்டு மரமாயிற்று என்றும், இறைவன் பணித்தவாறே அவர் ஆனைக்காவை அடைந்து அம்மரமாகவே நிற்க, அதன் நிழலிற் பெருமான் எழுந்தருளினார் என்றும் தலபுராணம் கூறும். கருவறைக்கு அணித்தே நிற்கும் நாவல் இன்றும் இவ்வரலாற்றின் அடையாளமாக வழிபடப்பெறுகின்றது.

இப்புராணத்தின் தத்துவப்பொருள் ஒருபுறம் நிற்க, இதிற் பொதிந்த நாட்டறிவும் சிந்திக்கத்தக்கது. கனியை உண்டு விதையை எறிதல் உலகியல்பு. முனிவரோ விதையைப் போற்றினார். நாவலைப் பொறுத்தவரை மருத்துவ வழக்கும் அத்தகையதே. கனி உணவாகும், கொட்டை சூரணமாகும், பட்டை வாய் கொப்பளிக்கவும் கழிச்சலை நிறுத்தவும் பயன்படும், தளிரும் கஷாயத்திற் சேரும். துவர்ப்பு மிக்க இம்மரத்தின் உறுப்புக்களைச் சித்த மருத்துவர் நீரிழிவுக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் வழங்கி வந்துள்ளனர். உணவென்றும் மருந்தென்றும் இரண்டாகப் பிரித்தற்கு இயலாத ஒரு மரத்தை இத்தலத்தார் இறைவன்பாற் சார்த்தி வழிபட்டனர் என்பதே ஈண்டைக்கு வேண்டிய செய்தி.

இனி, அரங்கத்தில் வழங்கும் ஒரு வரலாறு இந்நாவற்கனியையே வேறொரு கோணத்தில் வைத்துக் காட்டுகின்றது. இராமாநுசர் திருவரங்கத்தில் வாழ்ந்த காலத்து ஒருநாள் பெருமாள் திருமுகம் வாடியிருப்பதைக் கண்டார் என்றும், உசாவியபோது முன்னாளில் தயிரன்னமும் நாவற்கனியும் அமுதுசெய்விக்கப் பெற்றதை அர்ச்சகர் உரைத்தனர் என்றும், அவ்விரண்டன் சேர்க்கையால் விளைந்த கேட்டை நீக்கக் கருடவாகன பண்டிதரைக்கொண்டு கஷாயம் சமர்ப்பிக்கச் செய்தார் என்றும் வைணவ மரபினர் கூறுவர். எங்கும் நிறைந்த பரம்பொருளுக்குச் சளிப்பிணி உண்டோ என்று வினவுதல் இவ்வரலாற்றின் பயனை உணராதார் செயலாம். அர்ச்சாவடிவை உயிருள்ள பெருந்தலைவனாகவே கொண்டு பேணும் அன்பின் நுட்பம் அது. அவ்வன்பினூடே, மடைப்பள்ளிப் பரிசாரகரும் மறந்துவிடலாகாத ஒரு மருத்துவ விதியும் அடங்கியுள்ளது.

அவ்விதி யாதெனின், ஒரு பொருள் தன்னளவில் மருந்தும் அன்று, நஞ்சும் அன்று; அளவும் சேர்க்கையும் காலமும் உண்பவன் உடல்நிலையும் கூடியே அதனை மருந்தாகவோ நோயாகவோ ஆக்குகின்றன என்பதாம். ஆனைக்காவில் இறைவனுக்கு உகந்ததாய் நின்ற அதே கனி, அரங்கத்தில் தயிரோடு கூடிக் கஷாயத்துக்குக் காரணமாயிற்று. இரண்டு கோயில்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சிறிதே. ஒரே தீவில் ஒரே கனியைப் பற்றி வழங்கும் இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து உணர்வார்க்கே மருந்துணவின் இலக்கணம் முழுதும் விளங்கும்.

இஃது அரங்கத்தார் மட்டும் கண்ட விதி அன்று. திருவள்ளுவனார் திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தை வகுத்தபோது எந்தவொரு மூலிகையின் பெயரையும் சொல்லவில்லை. முன்னுண்டது அற்றதை அறிந்து உண்ணுதல், மாறுபாடில்லாதவற்றை அளவோடு உண்ணுதல் என்பனவே அவ்வதிகாரத்தின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. ஆசிரியர் நோய்க்கு முதற்காரணமாகவும் முதன்மருந்தாகவும் உணவையே கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் மூன்றும் மருந்துப் பெயர் பூண்டு நிற்றலும் நோக்கத்தக்கது. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் கூடியதே திரிகடுகம். இவற்றுள் சுக்கும் மிளகும் மருத்துவன் பேழையிலும் உண்டு. அஞ்சறைப் பெட்டியிலும் உண்டு. நூலாசிரியர் அறக்கருத்துக்கு உவமையாக அவற்றை எடுத்தாண்டமையால், அக்காலத்து மக்கள் யாவர்க்கும் அவற்றின் பயன் தெரிந்திருந்தது என்று கொள்ளலாம்.

இனி, கல்வெட்டுச் சான்றுகளை நோக்குவோர்க்கு இச்செய்தி பின்னும் உறுதிப்படும். அரங்கத்துக் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று இருந்தது. போசள வேந்தன் வீர இராமநாதன் காலத்தில், 1257-ஆம் ஆண்டில், அவன் படைத்தலைவருள் ஒருவனான சிங்கண்ண தண்டநாயகன் அதற்கு அறக்கட்டளை ஏற்படுத்தி, அதனைக் கருடவாகன பண்டிதர் பொறுப்பில் வைத்தான். இராமநாதனுடைய தந்தை வீர சோமேசுவரன் கொள்ளிடத்தின் வடபால் உள்ள கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டிருந்தவன். ஆனைக்காவில் தன் முன்னோர் பெயரால் சிவலிங்கங்களை எழுந்தருளுவித்துத் திருப்பணி செய்தவன். தந்தை ஆனைக்காவில் திருப்பணி செய்ய, மைந்தன் காலத்தில் அரங்கத்து மருத்துவ அறம் தழைத்தது. ஒரே அரசமரபின் காலத்தில் தீவின் இருகோயில்களும் இவ்வாறு பயன்பெற்றன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதன்பின் நாடு கலக்கமுற்றது. 1323-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த வடநாட்டுப் படையெடுப்பால் அரங்கம் பேரிடர்ப்பட்டது. ஆரோக்கியசாலையும் அழிவுற்றது. சகம் 1415, அஃதாவது கி.பி. 1493-இல், சீனிவாசர் என்னும் சீரங்க கருடவாகன பட்டர் அதனைப் புதுக்கித் தன்வந்திரியின் திருவுருவை எழுந்தருளுவித்தார் எனக் கல்வெட்டொன்று கூறும். 1257-க்கும் 1493-க்கும் இடையே 236 ஆண்டுகள் கழிந்தன. இராமாநுசர் காலத்து வரலாற்றிலும், இவ்விரு கல்வெட்டுக்களிலும் கருடவாகனர் என்ற பெயரே வருதலின், அஃது ஒருவர் பெயராகாமல் ஒரு மருத்துவக் குடியின் பட்டப்பெயராதல் வேண்டும். கட்டடம் இடிந்தபோதும், குடி அறிவை இடைவிடாது காத்தமையாலேயே அறம் மீண்டும் தளிர்த்தது. தன்வந்திரி சந்நிதி அரங்கக் கோயிலில் இன்றும் உள்ளது.

இத்தகைய சாலைகளில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு விரிவான சான்று வேறோர் ஊரிற் கிடைக்கின்றது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 1069-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்டது, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலை ஒன்றைக் குறிக்கின்றது. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்ய இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்வார் ஒருவர் என ஏவலாளர் வகுக்கப்பட்டிருந்தனர். நோயாளருக்கு நாள்தோறும் அரிசி அளக்கப்பட்டது. இரவில் விளக்கு எரிந்தது. குடிநீருக்கு ஏலமும் விலாமிச்சை வேரும் இடப்பட்டன. ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில் கடுக்காய் சேர்ந்த லேகியங்கள், வெள்ளைப்பூண்டு சேர்ந்த தைலம், வில்வம் சேர்ந்த நெய் முதலியன காணப்படுகின்றன. சிவபூசைக்குரிய வில்வம் மருந்துக்கலத்திலும் இடம்பெற்றது சைவ அன்பர்க்கு உவகை தரும் செய்தியாகும்.

இப்பட்டியலில் அரிசியும், மருந்தும், அறுவையும், பணிவிடையும் ஒருசேர நிற்றலைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். மூலிகை மட்டும் போதும் என்று சோழர் காலத்தார் எண்ணவில்லை. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து இயற்றுவான் என மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வள்ளுவனார் வகுத்த முறையே கல்லில் ஏறி நடைமுறையாயிற்று. இவற்றுள் ஒன்று குறையினும் மற்ற மூன்றும் பயன் தாரா. குந்தவைப் பிராட்டியார் தஞ்சையில் தம் தந்தை சுந்தர சோழர் பெயரால் விளங்கிய ஆதுலசாலைக்கு நிலம் அளித்தமையும் இவ்வறத்தின் வழியதே. 1261-இல் ஆந்திர நாட்டு மல்காபுரத்தில் பொறிக்கப்பட்ட சாசனம், கோளகி மடத்துச் சைவாசாரியராகிய விசுவேசுவர சம்பு தமக்குக் காகதீய மரபினர் அளித்த ஊர்களின் வருவாயில் மகப்பேற்றுச்சாலை, ஆரோக்கியசாலை, அன்னசத்திரம் ஆகியவற்றுக்குப் பங்கு வகுத்ததைக் கூறும். அரங்கத்துக் கல்வெட்டுக்கு நான்காண்டு பிற்பட்டது அது. சோறும் மருந்தும் மகப்பேறும் ஒரே நிவந்தத்தில் வைக்கப்பட்டதால், இவை மூன்றும் ஒரே அறத்தின் கிளைகள் என அக்காலச் சைவர் கருதியமை தெளிவாம்.

மகப்பேறு என்றவுடன் நினைவுக்கு வருவது சிராப்பள்ளிக் குன்று. பூம்புகாரைச் சேர்ந்த வணிகர்குலத்துத் தாயொருத்தி, சிராப்பள்ளியில் கருவுற்றிருந்த தன் மகளுக்குத் துணைசெய்ய மருந்துப் பொருள்களோடு புறப்பட்டாள். காவிரியில் வெள்ளம் பெருகவே, அவளாற் கடக்க இயலவில்லை. பெருமான் அத்தாயின் வடிவிற் சென்று மகப்பேறு பார்த்து, வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வரும்வரை உடனிருந்து பேணினார். அதனால் தாயுமானவர் ஆயினார் என்பது தலவரலாறு. சித்திரைப் பெருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்னும் ஐதிகம் இன்றும் நடத்தப்பெறுகின்றது. மகப்பேற்று மருந்தும் தைலமும் அன்பர்க்கு வழங்கப்படுகின்றன. கருவுற்ற மகளிர் பொருட்டு வாழைத்தார் சார்த்தி வேண்டிக்கொள்ளும் வழக்கமும் இங்கு உண்டு. வாழை இத்தீவின் செல்வம். 1993-இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்டதும் இந்நிலத்தின் இயல்பு கருதியே போலும்.

பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து தமிழகத்து இல்லங்களில் உணவின் வடிவிலேயே அமைந்துள்ளது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், மஞ்சள், பெருங்காயம் முதலியவற்றை இடித்துப் பனைவெல்லமும் நெய்யும் கூட்டிக் கிளறிய காயமருந்தும், பூண்டுக் குழம்பும் அவளுக்கு உணவாகவே ஊட்டப்படுகின்றன. பசியைத் தூண்டி, உண்ட உணவைச் செரிக்கச் செய்து, நெய்யாலும் வெல்லத்தாலும் வலிமை தருவது இதன் நோக்கம். ஆயினும், பத்தியம் என்னும் பெயரால் பாலூட்டும் தாய்க்குத் தண்ணீரையும் காய்கனிகளையும் மறுக்கும் வழக்கம் சிலவிடத்து உண்டு. அது மருந்தின் நோக்கத்துக்கே மாறானது. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு திங்களில் நாளொன்றுக்கு 600 கலோரி அளவுக்கு மிகையான உணவு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020-இல் வரையறுத்துள்ளனர். தாயுமானவர் ஊட்டவே வந்தார். பட்டினி போட வரவில்லை என்பதை அன்பர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

பட்டினிக்கும் ஒரு முறை உண்டு. அரங்கத்தில் தலைசிறந்த விரதநாளாகிய ஏகாதசியன்று உண்ணாதிருந்தோர் மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகிய மூன்றையும் சேர்த்து உண்பர். சைவ இல்லங்களிலும் இவ்வழக்கம் அறியப்பட்டதே. ஒருநாள் ஓய்ந்திருந்த வயிற்றுக்குக் கைப்பும் புளிப்பும் துவர்ப்பும் அளவாகச் சென்று சேரும் வகை இது. கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் எளிதிற் சேராது என்றும், நெல்லியில் மிக்குள்ள உயிர்ச்சத்து சி அதனைச் சேரச்செய்யும் என்றும் இக்கால உணவுநூலார் கூறுவர். முன்னோர் அச்சத்தின் பெயரை அறிந்திலர். ஆயினும், இரண்டையும் ஒரே இலையில் வைத்தனர். அவ்வகத்தியையே நாள்தோறும் உண்ணுமாறு அவர்கள் சொல்லவில்லை. மருந்துண்ணுங் காலத்து அகத்தி மருந்தை முறிக்கும் என்று விலக்கியும் வைத்தனர். சேர்க்கையும் காலமும் பற்றிய விதி இங்கும் தொடர்ந்து நிற்றல் காண்க.

இதே விதிக்கு ஆனைக்காவிற் பிறிதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டினராகிய காளமேகப் புலவர் முதலில் அரங்கத்துக் கோயில் மடைப்பள்ளியிற் பரிசாரகராய் இருந்தவர் என்றும், ஆனைக்காவில் அகிலாண்டநாயகியின் திருவருளால் தாம்பூலம் பெற்றுக் கவிபாடும் ஆற்றல் எய்தினார் என்றும் வரலாறு வழங்குகின்றது. அட்டிற்சாலையை விட்டு வந்தவருக்கு அம்மை அளித்ததும் உண்டிக்குப் பின் கொள்ளும் வெற்றிலையே. உண்டபின் வெற்றிலை கொள்ளுதல் செரிமானத்துக்கு உதவும் என்பது தொன்றுதொட்ட நம்பிக்கை. ஆனால், அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வாயிலாக இந்நாடு புகுந்த புகையிலை பிற்காலத்தில் அதனோடு சேர்ந்தபோது, தாம்பூலத்தின் இயல்பே மாறிற்று. புகையிலை சேராதவிடத்தும் பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வுநூலில் முடிவு கூறினர். மங்கலப் பொருளாக ஒரு வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல் வேறு. நாள் முழுதும் பாக்கை வாயிலடக்கி மெல்லுதல் வேறு. அளவு தவறிய அன்றே மருந்து மருந்தாகாது ஒழிந்தது.

மேனாட்டாரும் இவ்வுண்மையை நெடுங்காலம் உழன்றே கண்டனர். 1747-இல் சேம்சு லிண்டு என்னும் கப்பல் மருத்துவர் ஈறு வீங்கிக் குருதி கசியும் நோயால் வருந்திய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவினர்க்கும் வெவ்வேறு பொருளை அளித்துப் பார்த்தார். கிச்சிலியும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து நலம் பெற்றனர். தீட்டிய அரிசியால் விளையும் நோயைச் சாவகத் தீவில் கண்டறிந்த ஐக்மன் என்பார்க்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது. தவிடு நீங்கிய அரிசியே அந்நோய்க்குக் காரணம். நீக்கப்பட்ட தவிடே அதற்கு மருந்து. தமிழகத்து நீலகிரியில் குன்னூர் ஆராய்ச்சிச் சாலையில் மக்காரிசன் என்பாரும், அவர்க்குப் பின் அய்க்கிராய்டு என்பாரும் இந்நாட்டு உணவுப் பொருள்களை ஆராய்ந்தனர். 1937-இல் வெளியான அய்க்கிராய்டின் சிறுநூல் இந்திய உணவுகளின் சத்தளவை அட்டவணையாகத் தந்தது. அச்சாலையே பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

பம்பாயில் ஆலைத்தொழில் செய்த கருவுற்ற மகளிரிடையே பரவியிருந்த குருதிக் குறைவை 1928 முதல் ஆராய்ந்த லூசி வில்சு என்னும் அம்மையார், ஈரலிலும் நொதிச்சாற்றிலும் உள்ள ஒரு சத்து அதனைத் தீர்ப்பதைக் கண்டார். அச்சத்து 1941-இற் பசலைக்கீரை வகையொன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. கருவுற்றாளுக்குக் கீரை ஊட்டுக என்ற பாட்டியர் சொல்லுக்கு அன்று ஆய்வகச் சான்றும் கிடைத்தது. எனினும், குருதிக் குறைவு முதிர்ந்த இடத்துக் கீரை மட்டும் போதாது. மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டும் என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிபாம்.

இந்நிலையில் மீண்டும் நாவலை நோக்குதல் தகும். நாவற்கொட்டை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மருத்துவர் கைக்கும் சென்றது. நீரிழிவுக்கு வேறு நன்மருந்து இல்லாத காலம் அது. 1922 சனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் சாகுந்தறுவாயில் இருந்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அவன் பிழைத்தான். அதுமுதல் நாவற்கொட்டையின் இடம் வேறாயிற்று. அதில் சில நற்பொருள்கள் இருத்தலை ஆய்வகங்கள் காட்டியுள்ளன. ஆனால், பிரேசில் நாட்டில் 2000-ஆம் ஆண்டை ஒட்டியும் அதன் பின்னரும் நாவலிலைக் கஷாயத்தை நோயாளர்க்குக் கொடுத்து நடத்திய சோதனைகளில் குருதியிற் சர்க்கரை குறையவில்லை. ஆகவே, நாவற்கனி நீரிழிவினர்க்கு அளவோடு உண்ணத்தக்க கனியாகலாம். இன்சுலினுக்கோ மாத்திரைக்கோ அஃது ஈடாகாது.

இதனை வற்புறுத்திக் கூறவேண்டுவது இக்காலத்தின் தேவையாகும். மூலிகையின் பெருமையைப் பேசுவார் பலர். அதன் எல்லையைப் பேசுவார் சிலரே. 'நாவற்பொடி உண்டால் நீரிழிவு ஒழியும், மருந்தை நிறுத்துக' என்ற விளம்பரச் சொல்லை நம்பிச் சிகிச்சையைக் கைவிட்டவர் கண்ணையும் காலையும் இழக்க நேரும். சிறுநீரகமும் பழுதாகும். இன்சுலினையே நம்பி வாழும் பிள்ளை அதனை நிறுத்தினால் உயிர் தங்காது. இதனைச் சித்தர் பெயராலோ சிவன் பெயராலோ செய்தல் அச்சித்தர்க்கும் சிவனுக்கும் இழைக்கும் பிழையாகும். அறுவை செய்பவருக்கும் அதே சாலையில் இடம் வைத்த முன்னோர், ஒரு மூலிகையைக் காட்டி மற்றெல்லாவற்றையும் தள்ளுக என்று கூறியிரார்.

மறுபுறம், மூலிகை என்றாலே இகழ்ந்து நகைப்பதும் வரலாறு அறியார் செயலே. மணத்தக்காளியும், தூதுவளையும், வல்லாரையும், பொன்னாங்கண்ணியும், கரிசலாங்கண்ணியும், பிரண்டையும், முடக்கறுத்தானும் வேலியோரத்தில் விளைந்து செலவின்றிக் கிடைத்த கறிகள். பிரண்டையை அப்படியே மென்றால் தொண்டை நமைக்கும் என்பதை அறிந்து, நெய்யில் வதக்கிப் புளி கூட்டித் துவையலாக அரைத்தனர். வேப்பம்பூவைச் சித்திரையில் ரசமாக வைத்தனர். 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசிப்பிணி தீர்த்த இராமலிங்க அடிகள், கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றை நாளொழுக்கத்திற் சேர்த்துக் கூறினர். பசித்தவனுக்கு முதலிற் சோறு. அச்சோற்றுக்குத் துணையாக மூலிகை என்பதே அவர்தம் செயலால் விளங்கும் முறைவைப்பு. சோறின்றி மெலிந்தவனுக்கு லேகியம் கொடுத்துப் பயன் இல்லை.

இன்று இவ்வறிவு குறைந்துவருதற்குக் காரணம் நம்பிக்கைக் குறைவு மட்டும் அன்று. வேலியும் நந்தவனமும் குறைந்தன. சமைக்கும் கை மாறிற்று. கீரையைப் பெயர் சொல்லி ஆயும் கண்ணும் அரிதாயிற்று. அரங்கத்து ஆரோக்கியசாலை இடிந்த பின்னும் மருத்துவக் குடி நிலைத்திருந்தமையால் ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப்பின் அது மீண்டெழுந்தது. குடியே அறிவை மறந்துவிட்டால், கட்டடத்தை எத்துணைச் செலவிற் கட்டியும் பயன் இல்லை. ஆதலின், திருக்கோயில் நந்தவனங்களில் பூச்செடிகளோடு நெல்லியும், வில்வமும், வல்லாரையும், தூதுவளையும் பெயரெழுதி வளர்க்கப்படுதலும், மடைப்பள்ளி உண்டியிலும் அன்னதானத்திலும் ஒரு கீரை நாள்தோறும் இடம்பெறுதலும், அவற்றின் குணத்தை ஆய்ந்தறிந்த சித்த மருத்துவரும் ஆங்கில மருத்துவரும் ஒருவரையொருவர் இகழாது நோயாளரைத் தக்கவிடத்துக்கு அனுப்புதலும் அன்பர்களால் எளிதிற் செய்யத்தக்கன. கோயிலில் ஆதுலசாலைக்கு நிலம் விட்டவர் வேந்தர். ஒரு நெல்லியங்கன்று நடுதற்கு வேந்தனாதல் வேண்டா.

ஆனைக்காவை வணங்கச் செல்லும் அன்பர், நாவலைச் சுற்றி வரும்போது அம்மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கனியை நோக்குவாராக. அது பெருமான் உகந்த கனி. அளவறிந்தார்க்கு உணவு, முறையறிந்தார்க்கு மருந்து. இரண்டையும் அறியாதார்க்கு அரங்கத்துக் கஷாயமே கதியாம் என்க.

திருச்சிற்றம்பலம்.